புது மூக்கு

— இல்ல சிஸ்டர், இன்னும் பத்த வைக்கல. சிகரெட்டை வாயில வெச்சிருக்கேன், அவ்வளவுதான்.

— தீப்பெட்டி எங்க?

— கையிலதான்.

— ஃபோன்கிட்ட வெச்சுக் குலுக்குங்க, கேக்கறேன்.

— கேக்குதா?

— கேக்குது. நாலஞ்சு குச்சி இருக்கும்போல. கிழிக்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டீங்க பாருங்க, அதுவே பெரிசு. இப்ப பத்து நிமிஷம் என்கூடப் பேசறீங்க. அந்த ஆசை அதுக்கு மேல நிக்காது. சிகரெட்டை விடற நம்ம குழுவுல பதினோரு பேர்ல இருபது நாள் தாண்டினது நீங்களும் அந்த டெய்லரும்தான் அண்ணே.

— இருபத்தொண்ணு சிஸ்டர். உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?

— ஜலதோஷம். மூக்கு ரெண்டும் அடைச்சு மூணு நாளாச்சு. என்னை விடுங்க. இருந்த தீப்பெட்டியெல்லாம் டாக்டரம்மா மேஜையில வெச்சுட்டுத்தானே போனீங்க? இது எங்கிருந்து முளைச்சுது?

— கேஸ் அடுப்பு ரிப்பேர்காரன் பையில தீப்பெட்டி இல்லாம இருக்குமா? பர்னரைப் பத்த வெச்சுக் காட்டினாத்தானே வீட்டுக்காரங்க நம்பறாங்க.

— அதுவும் சரிதான். நீங்கள்லாம் ஒப்படைச்ச தீப்பெட்டியிலதான் எங்க ஆபீஸ் அடுப்பும் எரியுது. டாக்டரம்மா ஒரு குச்சியை வீணாக்க மாட்டாங்க. சரி, மூச்சை மெல்ல விடுங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?

— பயமா இருக்கு சிஸ்டர்.

— எதுக்கு?

— பாப்பா இருமறான்னு மத்தியானமே ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க. வந்து படுத்தவ, இப்ப தலை வலிக்குது, மூச்சு முட்டுதுங்கறா. அவங்கம்மாவும் தலைவலின்னு பக்கத்துலயே சுருண்டுட்டா. அந்தப் புள்ளைக்காகத்தானே விட்டேன்? நான் ஊதின புகை அவ நெஞ்சுல போய் உக்காந்துடுச்சோன்னு நினைச்சேன். அவ்வளவுதான், கை தானா பையில போச்சு.

— அப்படியெல்லாம் நீங்களே முடிவு கட்டாதீங்க. சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, டாக்டரம்மா பார்க்கட்டும். இப்ப எங்க நிக்கறீங்க?

— சமையலறையில. குளிர்காத்து பாப்பாவுக்கு ஆகாதுன்னு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு. இங்க நின்னு பிடிச்சா தெரியாதுன்னு வந்தேன்.

— சரி, வேற பேசலாம். மூக்குக்கு வாசனை திரும்பிடுச்சுன்னு போன வாரம் சொன்னீங்களே?

— அதை ஏன் கேக்கறீங்க. பாப்பா தலையில சோப்பு வாசனை வருது சிஸ்டர், இத்தனை நாள் எனக்குத் தெரியாது. என் செருப்பு இப்படி நாறும்னும் இத்தனை வருஷமா யாரும் சொல்லல.

— சொல்லியிருப்பாங்க, நீங்க காதுல வாங்கியிருக்க மாட்டீங்க.

— இருக்கும். ஆனா மத்தியானத்துல இருந்து வேற ஒரு நாத்தம் வந்து வந்து போகுது. புது மூக்குக்கு எல்லாமே நாத்தமாத்தான் தெரியும், மிரளாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் கண்டுக்கல.

— டாக்டரம்மாவும் இப்பத்தான் வெளியில இருந்து வந்தாங்க, வந்ததும் என்ன நாத்தம்னாங்க. பின்பக்கம் சாக்கடையா இருக்கும்னேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே. உங்களது என்ன மாதிரி நாத்தம்?

— முட்டை அழுகின மாதிரி. கீழ குனிஞ்சா அதிகமா...

— அண்ணே?

— இருங்க சிஸ்டர், அடுப்புக்குக் கீழ குனிஞ்சு பார்க்கறேன்.

— அண்ணே, லைன்ல இருக்கீங்களா?

— குச்சியைக் கையில எடுத்து வெச்சிருக்கேன் சிஸ்டர்.

— கிழிக்காதீங்க.

— இல்ல. ஜன்னலைத் திறந்து பெட்டியை வெளியில வீசிட்டேன். சிலிண்டரையும் மூடிட்டேன். இது கேஸ் சிஸ்டர். மத்தியானத்துல இருந்து கேஸ்.

— ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. அவங்க ரெண்டு பேரையும் வெளியில கொண்டு வாங்க, போங்க.

— ஏய், எழுந்திரு. எதுவும் கேக்காத, நட. பாப்பாவை நான் தூக்கிக்கறேன்.

— அண்ணே? அண்ணே, ஏதாவது சொல்லுங்க.

— வந்துட்டோம். தெருவுல நிக்கறோம். பாப்பா பேசறா, செருப்பு எடுக்கலைன்னு அழறா.

— உக்காருங்க. மூச்சை மெல்ல விடுங்க.

— பதினாறு வருஷமா இதே தொழில் சிஸ்டர். சோப்புத் தண்ணி தடவித்தான் ஒழுகுதான்னு பார்க்கணும். சோம்பல்பட்டு, ஒருதரம் முகர்ந்துட்டு "எல்லாம் சரி"ன்னுட்டுப் போயிடுவேன். செத்த மூக்கை வெச்சுக்கிட்டு. எத்தனை வீடு.

— இன்னிக்கு அந்த மூக்குதான் மூணு பேரைக் காப்பாத்தியிருக்கு. எங்க ஒழுகிச்சு?

— ரப்பர் டியூப்ல. சிலிண்டரை மூடும்போது கை வெச்சுப் பார்த்தேன், ரெகுலேட்டர்ல மாட்டற கழுத்துகிட்ட வெடிச்சிருக்கு. புது டியூப் சிஸ்டர். மலிவாக் கிடைக்குதேன்னு போன மாசம் ஒரு சுருள் வாங்கி, எங்க வீட்டுக்குப் பாதியை வெட்டினேன்.

— மீதியை முதல்ல தூக்கிப் போடுங்க.

— மீதி என்கிட்ட இல்ல.

— வேற எங்க?

— அன்னிக்கு உங்க ஆபீஸ் அடுப்பைப் பார்க்க வந்தேனே சிஸ்டர். நான் இருமினதைக் கேட்டுட்டு நீங்க பிடிச்சு உக்கார வெச்சு, குழுவுல பேர் எழுதினீங்களே.

— ஆமா.

— உங்க அடுப்புக்கு மாட்டினது அந்தச் சுருள்தான். முகர்ந்து பார்த்துட்டு சரின்னு சொன்னேன். சிஸ்டர், டாக்டரம்மா எங்க?

— பின்பக்கம். எனக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வைக்கறேன்னு போனாங்க.

— ஓடுங்க சிஸ்டர்.

— டாக்டரம்மா... டாக்டரம்மா...

— சிஸ்டர், அது என்ன சத்தம், குச்சி குலுங்கற மாதிரி? என் தீப்பெட்டி ஜன்னலுக்கு வெளியில கிடக்கு. நான் குலுக்கலையே.