பாவாடைக்கு அடித்த போஸ்டர்

கள்ளக்குறிச்சியில் எழுத்துப்பிழை இல்லாமல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற கடை என்னுடையது ஒன்றுதான், ஐயா. வாக்குமூலத்தில் இதைத் தற்பெருமையாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஞாயிறுதோறும் டிவியில் 'மாடி வூட்டு கலாட்டா' என்று ஒரு சிரிப்பு நாடகம் வந்தது. அந்த நாடகக் குடும்பத்தின் மூன்று பிள்ளைகளாக நடிக்க, ஒருவருக்கொருவர் உறவில்லாத எங்கள் மூவரையும் பள்ளி ஆண்டு விழாவில் பார்த்துத்தான் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். மூத்தவன் நான், ராசு. நடுவில் அஸ்ரப் நிஷா. கடைக்குட்டி பாவாடை, ஆறு வயது. சனங்கள் சிரித்ததெல்லாம் அவனுக்காக. எனக்கு வாரம் ஒரே வசனம்: "அம்மா, இவனப் பாரும்மா." அம்மாவும் அவனைப் பார்த்தாள், ஊரும் அவனையே பார்த்தது.

நாடகம் நின்றதும் யாரும் எங்களைத் தேடவில்லை. நிஷா பேன்சி ஸ்டோர் வைத்தாள். பாவாடை கல்வராயன் மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கரும்பு வெட்டப் போனான். வெயிலில் கறுத்து, முன்பல் இரண்டும் போய், மீசையும் வந்தபின், 'அந்தப் பையன் நான்தான்' என்று அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் மகள் பச்சையம்மாளே இப்போது நம்புவதில்லை. முதலில் நம்பிப் பள்ளியில் சொல்லிப் பார்த்து, 'புளுகன் மகள்' என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தாளாம்.

போன மாசியில் சென்னையிலிருந்து போன். நாடகத்தை மறுபடி எடுக்கிறார்களாம். அன்றைய கடைக்குட்டிதான் இன்று அப்பா வேஷம் கட்ட வேண்டுமாம். பாவாடையின் நம்பர் கேட்டார்கள். என்னிடம் இருந்தது.

"தவறிட்டான் சார்," என்றேன்.

வருத்தப்பட்டார்கள். அப்படியானால் நீங்களே அப்பாவாக வருகிறீர்களா என்றார்கள். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிடம் மௌனமாக இருந்தேன். துக்கத்துக்கு ஒரு மரியாதை உண்டு.

போஸ்டர் இல்லாத சாவை நம் ஊரில் யார் நம்புகிறார்கள்? அவனுடைய ஆறு வயதுப் படத்தைப் போட்டு, கீழே 'கண்ணீருடன் அண்ணன் ராசு' என்று அடித்து, பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேன். பாவாடையே அதன் முன்னால் நின்று படித்திருக்கிறான். பூக்காரி ஒருத்தி, "தள்ளி நில்லுய்யா, கொழந்த மூஞ்சிய மறைச்சிக்கினு," என்று அதட்டினாளாம்.

நேராக மகளோடு கடைக்கு வந்தான். அப்போது சென்னைக்காரர்கள் இரண்டு பேர் எனக்கு அப்பா வேஷத்துக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாண்ணே, என்னைய சாவடிச்சிட்ட?" என்று சிரித்தான். "எவனோ தப்பா சொல்லிகீறான். போவட்டும், செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னுவாங்க. இந்தப் பொண்ணாண்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுண்ணே, போட்டோவுல கீறது நான்தான்னு. நீ சொன்னா நம்பும்."

அளவு எடுத்தவர் டேப்பை இறக்கினார். "யார் சார் இவர்?"

பச்சையம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை சார்," என்றேன். "பாவாடை போனதிலிருந்து இப்படி நாலு பேர் வர்றாங்க."

பாவாடை என்னைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கத்துவான் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, சும்மா தமாசுக்குச் சொன்னேன்," என்றான். "நான் கரும்பு வெட்றவன். ராசு அண்ணன் நல்ல மனுசங்க, அவர ஒண்ணும் கேக்காதீங்க."

மகளின் கையைப் பிடித்து அழைத்துப் போனான். படியிறங்கும்போது அவள் தன் கையை உருவிக்கொண்டாள்.

பிறகு விஷயம் கேள்விப்பட்டு நிஷா வந்து, "உன்னையும் சேத்து காப்பாத்திட்டுப் போறாண்டா படுபாவி, உனக்கு மேல ஒருத்தன் கீறான்னு பயமே இல்லியா?" என்று கேட்டுவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்தது அத்தனையும் உண்மை. போனில் பொய் சொன்னவன், போஸ்டர் அடித்தவன், அந்தப் பெண் பார்க்க அவனைத் தெரியாது என்றவன், எல்லாம் நான்தான்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மறுநாளே திருநாவலூர் போய், சிவன் சன்னிதியில் அவன் பெயருக்கு மோட்ச தீபம் ஏற்றிவிட்டு வந்தேன். கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான்.