காத்தாடியைப் பிடித்தவன்

"என் காத்தாடிய ஒருத்தன் புடிச்சான் மச்சான். ஆனா மணல்ல அவன் கால் தடமே இல்ல."

திருநின்றவூரில் கிளம்பிய சாயங்கால மின்சார ரயிலில், எனக்கு எதிரே ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான். வெயிலில் அவன் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

பக்கத்திலிருந்த நண்பன் சிரித்தான். "ராமேஸ்வரம் போய் கடல்ல காத்தாடி உட்டியே, அங்கயா?"

"அங்கதான். பலகை மேல நின்னா காத்தாடி நம்மள இழுத்துகினு போவும். கரைக்கு வரும்போது யாராவது அத்த புடிக்கணும். நாம தலைல கை வெச்சா, புடின்னு அர்த்தம். அவனும் வெச்சா, சரின்னு அர்த்தம். அன்னிக்கு காத்து ஏறிச்சு, எல்லாரும் கிளம்பிட்டாங்க. மணல் திட்டுல ஒருத்தன் மட்டும் நின்னான். அவன்தான் புடிச்சான். கயித்த சுத்திட்டு நிமிந்தா ஆளக் காணோம்."

"நல்லபடியா வந்துட்ட இல்ல, உடு."

"நம்மளுத ஒருத்தன் புடிச்சா, அவனுத நாம புடிக்கணும். அங்க அதான் வழக்கம். நான் புடிக்காமலே வந்துட்டேன்."

பட்டாபிராம் தாண்டி ரயில் சிக்னலுக்கு நின்றது. வெளியே கல் நட்ட காலி மனைகள், ஒருவரும் இல்லை. அவன் வெளியே பார்த்தபடி மெல்லத் தலையில் கை வைத்தான்.

"இன்னாடா, யாரப் புடிக்க சொல்ற?"

"நான் சொல்லல மச்சான். அவன் கேட்டான். நான் சரின்றேன்."