பஞ்சுத் தூசி

காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் பக்கம் பேண்டேஜ் துணியைக் காயப்போட்டுவிடுவார்கள். விசாரணைக்காக இராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள், சார். வெளுத்த துணி, காடு முழுக்க. அதைப் பார்த்தால் எனக்கு மனம் சுத்தமாகிவிடும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அருவருப்பு அதிகம். அடுத்தவர் வாய்வைத்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டேன். பட்டாளத்தில் இருந்தபோதும் என் தட்டைத் தனியாகத்தான் வைத்திருந்தேன். இப்படிப்பட்டவன் கழிவு அகற்றும் காண்டிராக்டை எப்படி எடுத்தான் என்று நீங்கள் கேட்கலாம். நான் அள்ளவில்லை. அள்ளுவதற்கு ஆட்களைக் கொண்டுபோனேன்.

பாலைவனத்தில் ஒரு வெளிநாட்டு ராணுவ முகாம். அங்கே சேரும் கழிவை அகற்றுவது ஒரு பெரிய கம்பெனியின் பொறுப்பு. அவர்களிடமிருந்து அந்த வேலையை நான் எடுத்தேன். கழிவு என்றால் பழைய பேட்டரி, வண்டி எண்ணெய், பெயிண்ட், பூச்சிமருந்து டப்பா, ஆஸ்பத்திரியில் வெட்டிப் போட்டது, கக்கூஸ் பீப்பாய். வகை பிரித்து, மூடி, துறைமுகத்தில் இருக்கும் எரி உலைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நான் முகாமுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டினேன். எல்லாவற்றையும் அதில் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்தினோம். துறைமுகத்துக்கு ஒரு லாரிகூடப் போகவில்லை. முகாமில் யாரும் கேட்கவும் இல்லை. குப்பை கண்ணைவிட்டு மறைந்தால் அவர்களுக்குப் போதும்.

ஆட்கள் எல்லோரும் எங்கள் பக்கத்துத் தேவதானத்துக்காரர்கள். சொன்னால் கேட்பார்கள். தவசிமுத்து அவர்களில் ஒருவன். அதற்கு முன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவன். வாய் ஓயாது. கக்கூஸ் பீப்பாயை உருட்டிக்கொண்டே சொல்லுவான்:

"ஏலே, நம்ம ஊர்ல இத பன்னி திங்கும். இங்க அதுக்கு விசா எடுத்து நம்மளக் கூட்டியாந்துருக்காக."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தால் பல்லிடுக்கெல்லாம் கறுப்பாகத் தெரியும். நான் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சோற்றின் மேல் புகை ஏடு கட்டியிருக்கும். அதைப் பிசைந்து தின்பார்கள். துப்பினால் எச்சில் தார் போல மண்ணில் உருளும். காலால் மண்ணைத் தள்ளி மூடக்கூட மாட்டார்கள்.

கம்பெனி மாஸ்க் அனுப்பியிருந்தது. மூக்கு முன்னால் துருத்திய ரப்பர் மாஸ்க், இரண்டு கன்னத்திலும் வட்டமாக வடிகட்டி. நான் கொடுக்கவில்லை. விற்கவும் இல்லை, அந்த மாதிரி கேவலமான வேலையை நான் செய்ய மாட்டேன். கண்டெய்னரில் வைத்துப் பூட்டினேன். அதற்குக் காரணம் உண்டு. அப்படி ஒரு மாஸ்க்கைக் கையில் கொடுத்தால் எவனுக்கும் ஒரு கேள்வி வரும்: இந்தப் புகையில் அப்படி என்ன இருக்கிறது? கேள்வி வந்தால் பயம் வரும். பயந்தவன் வீட்டுக்குப் போன் போடுவான். நான் அவர்களைப் பயமில்லாமல் வைத்திருந்தேன்.

அதற்குப் பதிலாக நம் ஊர் பேண்டேஜ் துணியை வரவழைத்தேன். தினமும் ஆளுக்கு ஒரு புதுத் துணி. காலையில் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும்போது பார்க்க நன்றாக இருக்கும். மத்தியானம் பார்க்க முடியாது.

புகையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் ஒருநாள் முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நுரையீரல் படத்தையும் காட்டினார்கள். அதனால் ஒரு மாஸ்க்கை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். குழிப் பக்கம் போகும் நாளில் ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாட்டிக்கொள்வேன். கறுப்புக் கண்ணாடி. அவர்கள் பார்த்ததில்லை.

அந்த ஆட்களில் பேச்சிமுத்து என்பவன் அங்கேயே இறந்தான். குழியோரம் விழுந்து மூச்சுக்குத் திணறினான். வாயில் நுரை வந்தது. நான் கிட்டப் போகவில்லை. மாரடைப்பு என்று அவன் வீட்டுக்குச் சொன்னேன்.

தவசிமுத்து இருமலோடு ஊர் திரும்பினான். மதுரை ஆஸ்பத்திரிக்கு என் காரில் நான்தான் கூட்டிப்போனேன். சீட்டின் மேல் ஒரு விரிப்பைப் போட்டுக்கொண்டேன். டாக்டர் கேட்டார்: அங்கே என்ன எரித்தீர்கள், தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். அவன் மனைவி வெள்ளத்தாய் என் முகத்தைப் பார்த்தாள்.

"இவன் மில்லுல இருந்தவன் டாக்டர். பஞ்சுத் தூசி," என்றேன்.

மில்கள் நிறைந்த இராஜபாளையம் பக்கத்துக்காரன் இருமினால் யாரும் இதை நம்புவார்கள். அங்கே எரித்தது வெறும் காகிதக் குப்பை என்றும் சொன்னேன். தவசிமுத்துவும் தலையாட்டினான். அவனுக்கு அதற்கு மேல் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான். மாதக்கணக்கில் பஞ்சுத் தூசிக்கு வைத்தியம் நடந்தது.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், சார். தெரிந்தே எரித்தேன். தெரிந்தே மாஸ்க்கைப் பூட்டி வைத்தேன். தெரிந்தே டாக்டரிடம் பொய் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டிலும் இதையே சொல்வேன். ஆனால் யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை. கெடுதல் நினைக்கிறவன் நோயாளியைப் பார்க்கப் போவானா?

நான் போனேன். தவசிமுத்து சாவதற்கு முந்தின நாள். கூப்பிடாமலே போனேன். வாசலைத் தாண்டியதுமே வாடை அடித்தது. குழியின் வாடை என்றுதான் எனக்குப் பட்டது. அவன் உடம்பிலிருந்து வந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு சட்டியில் மண் போட்டு வைத்திருந்தார்கள். மண்ணின் மேல் அவன் துப்பியது கிடந்தது. ஈ அதில் ஒட்டிக்கொண்டு காலை உதறியது.

திரும்பிக் காருக்குப் போனேன். அங்கிருந்து கொண்டுவந்த என் மாஸ்க் எப்போதும் காரில்தான் இருக்கும். ஊருக்குள் சாக்கடை அள்ளும் நாட்களில் உதவும். மாட்டிக்கொண்டு உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாடை சுத்தமாக நின்றுவிட்டது. நல்ல மாஸ்க், சார்.

தவசிமுத்து என்னைப் பார்த்தான். சிரிக்க முயன்றான்.

"ஏட்டி, இங்க பாரு. இப்பத்தான் நெச பன்னி வந்துருக்கு," என்றான்.

வேடிக்கைக்காகச் சொன்னான். உடனே இருமல் வந்துவிட்டது. வெள்ளத்தாய் அவன் வாயைத் துடைத்தாள். பேண்டேஜ் துணி. நான் கொடுத்தனுப்பியதுதான். துடைத்த துணியைக் கையில் சுருட்டியபடி என் கிட்ட வந்தாள். ஒரு கன்னத்து வடிகட்டியை விரலால் தொட்டாள். அந்த விரல் கழுவாத விரல். நான் அசையவில்லை.

"அண்ணாச்சி, இது அங்கயும் இருந்துச்சா?"