அங்கன என்று நீட்டிய கை

“குனி! தலையக் குனிலே!”

பாண்டி அண்ணன் கத்துகிறார். நான் குனியவில்லை. கையில் மாவுத் தட்டு. அடுப்பு எரிகிறது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர். ஒன்றல்ல, பல. தட்தட்தட் என்று ஓயாத சத்தம். ஜன்னல் அதிர்கிறது. பிறகு ஒரு அடி. நெஞ்சுக்குள்ளேயே விழுந்த மாதிரி. கண்ணாடி உடைந்து மாவின் மேல் கொட்டுகிறது. அண்ணன் என் காலை வாரிவிட்டார். விழுந்தேன். அதனால் பிழைத்தேன்.

1990 ஆகஸ்ட் 2. வியாழக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். ஊர் குவைத். ஈராக் பட்டாளம் உள்ளே வந்துவிட்டது. ரேடியோவைத் திருப்பிய பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

எனக்கு அப்போது இருபது வயது. சொந்த ஊர் கம்பம். குப்பூஸ் ரொட்டி சுடும் கடையில் வேலை. நாங்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் தமிழ்நாடு. கல்லாவில் இருந்த ஜோஸ் சேட்டன் மட்டும் மலையாளி. பாண்டி அண்ணன் ஜெயமங்கலத்துக்காரர். வயது இருபத்தொன்பது. ஊரில் மனைவி ஈசுவரி அக்கா, எட்டு மாதக் கைக்குழந்தை கல்யாணி. என்னை அந்தக் கடையில் சேர்த்துவிட்டதே அண்ணன்தான்.

அந்தக் கைக்குழந்தை கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணி இப்போது பள்ளிக்கூட டீச்சர். பெரியகுளம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தது. “மாமா, அப்பாவப் பத்தி நீங்க அம்மாட்ட சொன்னத ஒருக்கா எழுதிக் குடுங்க. எம் மகனுக்கு வேணும். அவனும் மறக்கக் கூடாதுல்ல” என்றது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பத்தாவது வரை படித்தவன். சொன்னதை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. சொன்னது பொய். நடந்ததை எழுதுகிறேன்.

நான்காம் நாள் பட்டாளம் கடைக்கு வருகிறது. நான்கு சிப்பாய், ஒரு ஆபீசர். பசித்த முகங்கள். ஒருவன் அடுப்பில் இருந்து எடுத்த ரொட்டியை ஊதாமலே வாயில் வைத்தான். சுட்டுக்கொண்டான். எங்களில் யாரோ சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான். இது நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலாளி முந்திய நாளே குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட்டார். பேச ஆள் இல்லை. ஆபீசர் அரபியில் கேட்கிறான். ஜோஸ் சேட்டனுக்கு அரபி தெரியும், தமிழ் பேச வராது. அவர் எனக்கு மலையாளத்தில் சொல்கிறார். நான் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்கிறேன். கம்பத்தில் பிறந்தவனுக்கு மலையாளம் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. பள்ளி லீவு விட்டால் அம்மாவோடு ஜீப்பில் மலை ஏறி கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவன் நான். கனவுகூட சில நாள் மலையாளத்தில் வரும்.

ஆபீசர் சொன்னது இது. தினம் காலையில் பட்டாளத்துக்கு ரொட்டி. மாவும் டீசலும் அவன் தருவான். மிச்ச ரொட்டியைத் தெருவுக்குக் கொடுக்கலாம். கடைக்குள் யாரும் வரமாட்டார்கள். யாரையாவது ஒளித்து வைத்தால் மட்டும் எல்லாரையும் சுடுவான்.

“எந்து பறயணம்?” என்று கேட்டார் ஜோஸ் சேட்டன். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். சரி என்று சொல்லச் சொன்னேன்.

மறுநாளில் இருந்து ரொட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைப்பது நான். ஆபீசர் என்னை ‘சதீக்’ என்பான். சிநேகிதன் என்று அர்த்தம். பெயர் கேட்டதில்லை.

தெருவில் ரொட்டிக்கு வரிசை நீண்டது. மற்ற கடைகள் மூடிக் கிடந்தன. எங்கள் அடுப்பு மட்டும் எரிந்தது. பிள்ளைகளோடு பெண்கள் வெயிலில் நிற்பார்கள். எங்களிடம் வாங்கிப் போவார்கள். சிலர் முகத்தைப் பார்க்காமல் வாங்குவார்கள்.

“நாளைக்கு எத்தன மூட்ட வேணுமாம்?” என்று ஒருநாள் பாண்டி அண்ணன் கேட்டார்.

“ரெண்டு கூடக் கேட்டாகண்ணே. புதுசா ஆள் வந்திருக்காக.”

“ஏலே, நில்லு. கேட்டாக, வந்திருக்காக. அவிங்க என்ன ஒனக்குப் பொண்ணு குடுக்க வந்திருக்காகளா? வந்தான்னு சொல்லு. கேட்டான்னு சொல்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாய் அப்படிப் பழகியது. ஊரில் வாசலுக்கு வந்தவரை வந்தாக என்றுதான் சொல்லுவோம். துப்பாக்கியோடு வந்தவனுக்கும் அதுவே வந்தது.

பின்பக்கம் மாவு அறை. அதில் மூட்டைகளுக்குப் பின்னால் யூசுப் இருந்தார். முதலாளியின் தம்பி. ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டவர். வெளியே போய் பட்டாளத்தின் டெலிபோன் ஒயரை அறுத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். பாண்டி அண்ணன் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவார். எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டோம்.

நான் ஒருநாள் பேசினேன்.

“வேற எடத்துக்குப் போகச் சொல்லுங்கண்ணே. கண்டா நம்ம எல்லாத்தையும் கொன்னுருவாக.”

“கொல்றவனுக்கும் ‘ஆக’வா?” அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். “இது யூசுப் ஊருடா. அவன் அறுக்கிறான். நம்ம ஊருல ஒருத்தன் இப்பிடி நொழைஞ்சா நீ ரொட்டி சுட்டுக் குடுப்பியா?”

“நீங்க யூசுப்புக்குக் குடுக்கிற ரொட்டியும் அவுக குடுத்த மாவுதாண்ணே.”

 அண்ணன் போய் மாவைப் பிசைந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இருபத்தாறாம் நாள். திங்கள்கிழமை. காலை ஏழு பத்து. சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருக்கிறது. ஜீப் வழக்கம்போல் வரவில்லை. வேகமாக வந்து பிரேக் போட்ட சத்தம். டயர் கருகிய வாடை. பக்கத்துத் தெருவில் மறுபடி ஒயர் அறுந்திருக்கிறது. எங்களைச் சுவரோரம் நிறுத்துகிறார்கள். பத்துப் பேர். எனக்கு இடது பக்கம் பாண்டி அண்ணன். அவர் கை மாவாக இருக்கிறது.

ஆபீசர் என் முன்னால் நிற்கிறான். ஜோஸ் சேட்டன் நடுவில். ஆபீசர் பேசுகிறான்.  சேட்டன் அதை எனக்குத் தெளிவாகத்தான் சொன்னார்.

“இவிடெ நிங்ஙள் பத்துப் பேர். வேறெ ஆருமில்லா. அங்ஙனெயல்லே?”

இங்கே நீங்கள் பத்துப் பேர்தான், வேறு யாரும் இல்லை, அப்படித்தானே? இவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சேட்டன் பதிலையும் சேர்த்தே என் கையில் கொடுத்திருந்தார்.

நான் சொன்னேன். “அங்கன யாருமில்ல.”

சொல்லும்போது வலது கை நீண்டது. மாவு அறையைப் பார்த்து.

எங்கள் பக்கம் அங்கன என்றால் அங்கே. கை நீட்டாமல் அதைச் சொல்லவே மாட்டோம். ஆபீசருக்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை. மலையாளமும் வேண்டியிருக்கவில்லை. அவன் என் விரலைப் பார்த்தான். அது காட்டிய கதவைப் பார்த்தான்.

பூட்ஸ் சத்தம். பாண்டி அண்ணன் வரிசையை விட்டு ஓடுகிறார். “யூசுப்! ஓடு! ஓடு!” தமிழில் கத்துகிறார். மாவு அறை வாசலில் போய் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார். துப்பாக்கிக் கட்டையால் அடித்த சத்தம். ஒன்று. இரண்டு. மூட்டைகள் சரிந்த சத்தம். மேலெல்லாம் மாவு அப்பிய யூசுப்பை வெள்ளை வெள்ளையாக வெளியே இழுத்து வந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். வாயில் ரத்தம்.

“ஏலே” என்றார். 

இருவரையும் ஏற்றி ஜீப்பின் கதவை இரண்டு தடவை சாத்திய சத்தம். ஏழு பதினேழு. சுட்ட சத்தம் கேட்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டதால் எங்கள் ஒன்பது பேரை விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் இருவரையும் யாரும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் ஜோஸ் சேட்டன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நினக்கு மனசிலாயில்லே?” உனக்குப் புரியவில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். எங்கள் அங்ஙனெ உன் காதில் உங்கள் அங்கன என்று விழுந்திருக்கும், அதனால் குழம்பிப் போயிருப்பாய் என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து, வழியில் யாரும் மறிக்காமல் இருக்க ஆபீசர் ஒரு சீட்டு தந்தான். அதைக் காட்டி ஒன்பது பேரும் பஸ் ஏறினோம். பாஸ்ரா. பாக்தாத். ஜோர்டான் எல்லையில் மணலில் கூடாரம். தண்ணீர் லாரி வந்தால் “லைன்ல நில்லு! லைன்ல நில்லு!” என்று கத்துவார்கள். பம்பாய் வரை விமானம். அப்புறம் ரயில். தேனியில் இறங்கியவன் கம்பம் போகவில்லை. ஜெயமங்கலம் போனேன்.

ஈசுவரி அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. நான் சொன்னேன். “பட்டாளத்துக்காரக கேட்டாக அக்கா. மலையாளத்துல கேட்டது எனக்கு நம்ம அங்கனன்னு காதுல விழுந்து, கை அங்கிட்டு நீண்டுருச்சு.” அப்போதும் கேட்டாக என்றே சொன்னேன்.

அக்கா அழுதது. அழுதுகொண்டே என் முதுகைத் தடவிக் கொடுத்தது. “நீ என்னப்பா செய்வ. சொல்லுதான மாறிப்போச்சு” என்றது.

கல்யாணி, சொல் மாறவில்லை. அங்ஙனெ என்றால் அப்படி. எனக்கு அது ஏலத்தோட்டத்தில் ஏழு வயதிலேயே தெரியும். மொழி தெரியும் என்றுதான் என்னை முன்னால் நிறுத்தினார்கள். அன்றும் சேட்டன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

வேண்டும் என்றே காட்டினேனா? தெரியவில்லை. பயத்தில் கை போனது என்று எழுதினால் அதுவும் இன்னொரு சாக்கு. இதை மட்டும் சொல்ல முடியும். கை நீளும் முன்னால் ஒரு நினைப்பு ஓடியது. யூசுப் போனால் நாங்கள் பத்துப் பேர் மிச்சம் என்று. அந்தப் பத்தில் உன் அப்பாவையும் சேர்த்துத்தான் நினைத்தேன். அவர் கதவை மறித்து நிற்பார் என்று நினைக்கவில்லை. கூடவே மாவு பிசைந்தும் அவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ரொட்டி கொடுத்தது தப்பா?  அந்தத் தெரு பல நாள் சாப்பிட்டது. ஆனால் தினமும் சிரித்துக் கொடுத்துப் பழகிய கை, ஒருநாள் கேட்காததையும் கொடுத்துவிட்டது.

போனவர்களை எழுதுகிறேன்.

பாண்டி, ஜெயமங்கலம். இருபத்தொன்பது வயது. உடல் கிடைக்கவில்லை. அதனால் ஈசுவரி அக்கா இன்றும் தாலியைக் கழற்றவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் காத்திருந்திருக்குமா என்று தெரியவில்லை.

யூசுப். வயது தெரியாது. தாயார் பெயர் தெரியாது. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவியிருக்கிறேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர்களைக் கொண்டுபோன மறுநாள் நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. ரொட்டிக்கு வந்த பெண்கள் உச்சி வெயில் வரை நின்றார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை.

பத்துப் பேரில் ஒன்பது பேர் வந்தோம். அந்தச் சீட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதில் ஒன்பது சதீக் என்று எழுதியிருப்பதாக ஜோஸ் சேட்டன் வாசித்துச் சொன்னார்.

ஒன்பது தப்பு. எட்டுப் பேர் யாரையும் காட்டவில்லை. அவன் சிநேகிதன் ஒருவன்தான்.