மூஞ்சி தெரிகிற மாதிரி ஒன்று

2013 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு ஐம்பது. ரயில் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் கரிக்கிடங்கில் கேமராவோடு இருபத்திரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு எதிரில் ஒரு பெண்மணி கரித்தூளை இரண்டு கையாலும் அள்ளி மேலே வீசினார். நாற்பத்தொரு முறை.

எண்ணிக்கை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். எல்லோருடைய படங்களையும் நேர வரிசையில் அடுக்கி, வீச்சு வீச்சாக எண்ணியவர் என் சிநேகிதனின் அண்ணி. நடந்ததும் அவருக்குத்தான்... விளக்கைப் போட வேண்டாம், இப்படியே இருக்கட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

அண்ணிக்குப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. எந்த ஸ்டுடியோவிலும் சம்பளத்துக்கு இல்லை. தையல் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கேமரா, ஒரு பழைய ஸ்கூட்டர். கல்யாணம், பிறந்தநாள், கடைக்காரர்களின் பாத்திரம், செருப்பு, எது வந்தாலும் எடுப்பார். ஊரில் இருந்த போட்டோ கிளப்பில் அவரும் உறுப்பினர். அங்கே மற்ற எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. தலைவர் வரி ஆடிட்டர். செயலாளர் பல் டாக்டர். அண்ணியை அவர்கள் ‘கல்யாண கேமரா’ என்று கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டேதான். அவரும் சிரித்துவைப்பார். ஆனால் விடியற்காலையில் எந்தச் சந்தில் நல்ல வெளிச்சம் விழும் என்று தெரிய வேண்டுமென்றால் அவரை விட்டால் ஆள் கிடையாது. கரிக்கிடங்கைக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

‘காட்டிக்கொடுத்தேன்’ என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

கிடங்குக்குத் தகரக் கூரை. ஆணி பிடுங்கின ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்கும். தூசி இருந்தால்தான் அந்த ஊசி கண்ணுக்குத் தெரியும். கரி சலிக்கும் அந்த அம்மாவோ, தூசி பறக்காமல் இருக்கத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்.

“அம்மா, கொஞ்சம் தூசி கெளப்புங்களேன். வெளிச்சம் கம்பி கம்பியா வரணும்” என்றார் தலைவர்.

“அது அடங்கட்டும்னுதானே தண்ணி தெளிச்சிருக்கேன்?”

“அந்த மூலையில காஞ்ச தூள் இருக்கு பாருங்க, அத அள்ளுங்க.”

அள்ளினார். வீசினார். இருபத்திரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் படபடத்தன.

“சூப்பர்மா! இன்னும் ஒரு வாட்டி.”

இரண்டாவது வீச்சுக்கு முந்தானையை வாயில் சுற்றிக்கொண்டார். “அத எடுத்துருங்கம்மா, ஷேப் போயிடுது” என்றார் பல் டாக்டர். எட்டாவது, ஒன்பதாவது வீச்சில் இருமல் வந்தது. “இருமாதீங்கம்மா, கை ஆடுது. வீசிட்டு அப்புறமா இருமிக்கலாம்.” அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாராம். எங்களிடம் இதை மறைக்கவில்லை.

முடிந்ததும் அந்த அம்மா நேராக அண்ணியிடம் வந்தார். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண்.

“எம்மக வெளியூர்ல மில்லுல இருக்கா. பேத்திக்கு ரெண்டு வயசு. என்னைப் பாத்ததே இல்ல. மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடேன் தாயி.”

குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து வாசலில் நின்றார். அண்ணி எடுத்தார். ஒன்றே ஒன்று. கேமராவின் பின்பக்கம் காட்டியபோது அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பரவால்லயே, கரி போனா ஆளு தெரியுது!”

“அடுத்த வாரம் கொண்டாந்து தரேம்மா.”

“நாங்களும் அனுப்புறோம்” என்றார் தலைவர், வண்டியில் ஏறிக்கொண்டே. “இருபது காப்பி வரும். மாட்ட உங்க வீட்ல செவுரு இருக்கா?”

அந்தச் சனிக்கிழமை அண்ணிக்கு ஒரு கல்யாண ஆர்டர். பாதியில் கேமராவின் மெமரி கார்டு நிறைந்துவிட்டது. பையில் இருந்த இன்னொரு கார்டைச் சொருகினார். பின்னால் மாப்பிள்ளையின் மாமா, “சீக்கிரம்மா, சீக்கிரம்” என்று தோளில் தட்டிக்கொண்டே இருந்தார். கேமரா ஒழுங்காகத்தான் கேட்டது, எல்லாவற்றையும் அழிக்கவா என்று. அண்ணி ஆமாம் என்று அழுத்தினார். அந்த அம்மாவின் படம் அதில்தான் இருந்தது, வேறெங்கும் ஏற்றி வைக்கவில்லை என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். வேறொன்று எடுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது, போகவில்லை. கிளப் மட்டும் இன்னும் எட்டு ஞாயிறு போனது. ஜூன் மாதம் அந்த அம்மா இறந்துபோனார். நெஞ்சில் கோளாறு. கிடங்கில் லோடு இறக்குகிறவர் அண்ணியிடம் சொன்னது இவ்வளவுதான்: “நாப்பது வருசம் தண்ணி தெளிச்சே பொழைச்ச பொம்பள. ஒம்போது ஞாயித்துக்கெழமயில முடிச்சுட்டீங்க.”

அடுத்த வாரம் மகள் மாடிப்படி ஏறி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

“போட்டோ அக்கா ஒண்ணு எடுத்துருக்காங்கன்னு ஒவ்வொரு தடவ போன் பேசறப்பவும் சொல்லும். வீட்ல அம்மா படம் வேற எதுவும் இல்லக்கா. ஓட்டு அட்டையில இருந்ததும் தேஞ்சு போச்சு. இவ கேட்டா எதைக் காட்டறது?”

அண்ணியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. பத்து நாள் அவகாசம் கேட்டார்.

அழிந்த படத்தை மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓடவிட்டார். கூரைத் தகரம் வந்தது. ஈர முடி வந்தது. நெற்றி வந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் பட்டை.

பிறகு கிளப்புக்குப் போனார். யாரும் தர மாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எல்லோரும் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். இருபத்தொரு பேர், ஒன்பது ஞாயிறு, மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். வீட்டுக்கு வந்து திறந்தார். எல்லாம் வெளிச்சத்துக்கு எதிராக நின்று எடுத்தவை. தங்க நிறத்தில் தூசி, கத்தி கத்தியாக வெயில், நடுவில் கைகளைத் தூக்கிய ஒரு கறுப்பு உருவம். மூவாயிரம் படத்தில் ஒரு கண் இல்லை, ஒரு வாய் இல்லை.

தலைவருக்குப் போன் செய்தார். “ஒருத்தர்கூடவா சார் அவங்க மூஞ்சியப் பாக்கல?”

“மூஞ்சி தெரிஞ்சா படமே போச்சேம்மா. நீ கல்யாணத்துல எடுக்கற மாதிரி கிடையாது இது.”

“செத்துப்போயிட்டாங்க சார்.”

“கேள்விப்பட்டேன், பாவம். கண்காட்சியில பேர் போட்டுருவோம். ஆமா... பேர் என்ன?”

அண்ணி போனை வைத்துவிட்டார்.  அழுகை வரவில்லையாம். யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. அதில் முதல் அறை யாருக்கு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களின் நிழலை வெளுத்துப் பார்த்தார். கறுப்புக்கு உள்ளே ஏதாவது ஒளிந்திருக்குமே, ஒரு கன்னக் கோடாவது... இருந்தது வெறும் புள்ளிகள். அப்போதுதான் வீச்சுகளை எண்ண ஆரம்பித்தார். முப்பதை எண்ணும்போது ஈரக் கரியின் வாசனை வந்தது. மழையில் நனைந்த அடுப்பு மாதிரி. கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற இடைவெளியில், மாடிப்படியில், ஓர் இருமல். அடக்கிக்கொண்ட இருமல். யாருக்கோ கை ஆடிவிடக் கூடாதே என்பது போல.

எழுந்து போய்ப் பார்த்தார். படியில் யாரும் இல்லை.

திரும்பி வந்து திரையைப் பார்த்தார். காலையில் பார்த்தபோது எல்லாப் படத்திலும் அந்த அம்மா பக்கவாட்டில் நின்றிருந்தார். மூக்கின் நுனி, மோவாய், தொண்டை, எல்லாம் வெட்டினாற்போலத் தெரிந்தது. இப்போது மூக்கு இல்லை. மோவாய் இல்லை. தலை ஓர் உருண்டை, அவ்வளவுதான். அடுத்த படம், அதற்கடுத்த படம், மூவாயிரத்திலும். நேராகப் பார்க்கிறாரா... முதுகைத் திருப்பிக்கொண்டாரா... கறுப்பு உருவத்தில் அதை யாரால் சொல்ல முடியும்?

ஆகஸ்டில் கண்காட்சி. நூலகத்தின் மாடிக் கூடம், மாலை ஆறு மணி, எரியாத விளக்கு ஒன்றுகூட இல்லை. நடுச் சுவரில் தலைவரின் படம், கதவு உயரத்துக்கு. வெளிநாட்டில் பரிசு வாங்கிய படம் அது. தலைப்பு: ‘மௌனத்தின் ஒளி’. தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். “மூக்கு ஷார்ப்பா இருந்துச்சு. பிரிண்ட்காரன் சொதப்பிட்டான்.”

அண்ணி தானாகவே அந்த அம்மாவின் மகளையும் வரவழைத்திருந்தார். கேட்க வேண்டியவர்களிடமே கேட்கட்டும் என்று. அவள் குழந்தையோடு அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்த தலைவரிடம் கேட்டாள்:

“சார், இதுல எங்கம்மா மூஞ்சி எங்க இருக்கு?”

“அது தெரியாம இருக்கறதுதாம்மா கலை” என்றார் தலைவர். அன்பாகத்தான் சொன்னார்.

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

“வாங்கப்பா, ஒரு குரூப் எடுத்துக்கலாம்!” என்று பல் டாக்டர் கைதட்டினார். “எங்க நம்ம கல்யாண கேமரா? குரூப்னா நீதான்மா எக்ஸ்பர்ட்டு.”

இருபத்தொரு பேரும் பரிசுப் படத்துக்கு முன்னால் மூன்று வரிசையாக நின்றார்கள். அண்ணி ஃபிளாஷ் மாட்டினார். அழுத்தினார்.

பின்பக்கத் திரையில் சட்டைப் பித்தான்கள் தெரிந்தன. பேட்ஜில் இருந்த எழுத்துகள் தெரிந்தன. சுவரில் ஆணி தெரிந்தது. கழுத்துக்கு மேலே இருபத்தொரு முகமும் கரி.

இன்னொன்று எடுத்தார். அதேதான். பின் வரிசையில் யாரோ இருமினார்கள். மூன்றாவதுக்கு இரண்டு பேர். அந்த ஈரக் கரி வாசனை அண்ணியின் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது, வெகு பக்கத்தில், மூச்சு படுகிற தூரத்தில். அங்கே சுவர்தான் இருந்தது. நான்காவது... ஐந்தாவது... ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் முன்னால் இருமல் கூடியது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் மட்டும், ஒரு கண் இமைப்புக்கு, கூடம் முழுக்கக் கறுப்புத் தூசி நிற்பது தெரிந்தது.

இங்கேதான் அண்ணி குரலைத் தாழ்த்துவார். அழுத்தினால்தான் இருமுகிறார்கள் என்பது ஐந்தாவது படத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. விரலை எடுத்திருக்கலாம்.

“போதும்மா” என்றார் தலைவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

“அசையாதீங்க சார்” என்றார் அண்ணி. “இன்னும் ஒண்ணு.”

“தண்ணி... தண்ணி குடு...”

“கையைக் கீழ விடுங்க, ஷேப் போயிடுது. இன்னும் ஒண்ணு.”

ஏன் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நின்றார்கள். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். பல் டாக்டர் கைக்குட்டையில் இருமி, விரித்துப் பார்த்து, அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தபோது பேட்டரி தீர்ந்தது. கைக்குட்டை கறுப்பாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. கூடத்துத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த இருபத்தொரு பேரை அதற்குப் பிறகு எந்தக் கேமராவும் முகத்தோடு எடுக்கவில்லை. பழைய ஆல்பங்களும் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கிளப் அந்த வருடமே கலைந்தது.

தலைவர் 2016இல் மாரடைப்பில் இறந்தார். மகன் மாடியேறி வந்தான், பத்திரிகை அறிவிப்புக்கு அப்பாவின் படம் ஏதாவது இருக்குமா என்று. அண்ணி குழுப்படத்தின் எல்லாப் பிரதிகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அடுக்கி வைத்துவிட்டுப் போனான். அறிவிப்பு எழுத்தோடு மட்டும் வந்தது.

கரிக்கிடங்கு அம்மாவின் மகளுக்குப் படம் கிடைக்கவில்லை. அந்த நெற்றியை மட்டும் பிரிண்ட் போட்டு அனுப்பினார் அண்ணி. பதில் இல்லை.

அண்ணி இப்போது மனிதர்களை எடுப்பதில்லை. பாத்திரம், செருப்பு, வீட்டுமனை. ஓட்டுநர் உரிமம் போன வருடம் முடிந்தது. புதுப்பிக்கப் போனபோது கேமரா முன்னால் உட்காரவைத்து நான்கு முறை எடுத்துப் பார்த்தார்கள். ஜன்னலைத் திறந்து, நாற்காலியைத் திருப்பிப்போட்டு, இன்னொரு முறை எடுத்தார்கள். பிறகு வேறொரு நாள் வரச் சொன்னார்கள்.

ஸ்கூட்டரை விற்றுவிட்டார். பஸ்ஸில் போய்வருகிறார்.