எண்பது ரூபாய்த் தோட்டம்

ஒரு பெண்ணின் நெற்றியில் குங்குமம் நிற்க மாதம் இருபத்திரண்டு ரூபாய் ஆகிறது. குங்குமம் மலிவுதான், நாலு காசுக்கு ஒரு பொட்டலம் கிடைக்கும். நான் சொல்வது, அதை அங்கே நிற்க வைக்கிற செலவு. அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் தோட்டத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆறு மீட்டருக்கு ஏழு மீட்டர் சும்மா கிடக்கிற இடம். ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், மூலையில் ஒரு முருங்கை மரம். இதைத் தோட்டமாக்கத் தொழில் தெரிந்த ஆளை வைத்துப் படம் போட வேண்டுமா, நாமே நாலு செடியை ஊன்றிக்கொள்ளலாமா என்பதுதான் போன கார்த்திகை மாதம் வீட்டில் எழுந்த கேள்வி. சின்னக் கேள்வி. இதைவிடப் பெரிய கேள்விகளுக்கெல்லாம் நல்லபடியாக வழி கண்டவன் நான். இதில்தான் சறுக்கினேன்.

கேட்டவள் என் தம்பி மனைவி தையல்நாயகி. தம்பி ராஜாங்கம் ஐந்து வருஷமாகச் சைகோனில் இருப்பதாக ஊர் அறியும். மாதம் தவறாமல் கடிதம் வரும், கூடவே இருபது ரூபாயும் வரும். தையல்நாயகிக்குப் படிக்கத் தெரியாது, என் மனைவி செல்வாம்பாளுக்கும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் வாசித்துக் காட்டுவேன். கார்த்திகை மாதக் கடிதத்தில் தம்பி எழுதியிருந்தது இது: "இங்கே ஒரு துரை வீட்டுத் தோட்டம் பார்த்தேன். நடுவில் தொட்டி, தொட்டியில் அல்லி, சுற்றிலும் செம்மண் பாதை. நம் வீட்டுப் பின்புறத்தில் அதேபோல ஒன்று செய்துவை. கண்ட கூலியாளை விடாதே. தொழில் தெரிந்தவனாகப் பார்த்து வை."

ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. அந்த மாதம் எழுத ஒன்றும் இல்லை. மழை, காய்ச்சல், வேலை, அரிசி விலை எல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது. அறுபது கடிதம் எழுதிப் பாருங்கள், உங்களுக்கும் ஒரு தோட்டம் தோன்றும்.

ஆமாம், நான்தான் எழுதினேன். உறைகளை ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தாவிடம் மாதம் இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். யாருக்கோ சைகோனிலிருந்து வந்து, பிரித்துப் போட்ட உறைகள். மேலே வேறு யார் முகவரியோ இருக்கும். படிக்கத் தெரியாதவளுக்கு எல்லா முகவரியும் அவள் முகவரிதான். தபால் தலையைக் கிழித்து ஒரு டப்பாவில் சேர்த்துவைத்தாள்.

தோட்டக் கடிதத்தை வாசித்து முடித்ததும் செல்வாம்பாள் சிரித்தாள். "தொழில் தெரிஞ்ச ஆளா? நல்லா வெச்சாரே. கீரைக்காரிகிட்ட ஒரு கட்டுக்கு அரை மணி நேரம் நிக்கிற மனுசன், செடி வெக்கிறவனுக்குக் காசு குடுத்துட்டுதான் மறுவேல பாப்பாரு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால்கூட மருத்துவச்சியிடம் கூலி பேசி முடித்த பிறகுதான் தொப்புள்கொடி அறுப்பார்கள். என் அப்பா சாகக் கிடந்தபோது பாடை கட்டுகிறவனைக் கூப்பிட்டு விலை கேட்டார். அதிகம் என்று சொல்லி இன்னும் நாலு நாள் இருந்தார். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்குவது எங்களில் பைத்தியத்துக்கு அடையாளம். அதனால், நாலு மல்லிகைக்கும் ஒரு செம்பருத்திக்கும் படம் எதற்கு, நம்ம கடை ஆளை விட்டு நானே ஊன்றிவிடுகிறேன் என்று நான் மறுத்ததில் யாரும் எதையும் சந்தேகப்படவில்லை.

தை மாதக் கடிதத்தில் தம்பியை விட்டே அதை ரத்து செய்தேன். தோட்டம் இப்போது வேண்டாம், நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். கேட்டுவிட்டுத் தையல்நாயகி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். அறுபத்திரண்டு மாதப் பணம், ஒரு காசு எடுக்கவில்லை.

"செலவாவுமேன்னு பயப்படறாரு மாமா. காசு எங்கிட்ட இருக்குதுன்னு எழுதுங்க. அவரு வர்றப்போ பூத்திருக்கணும்."

நான் அன்று மத்தியானம் நிதானமாக யோசித்தேன். கடை ஆளை விட்டால், மண்வெட்டி கையில் இருக்கிறதே என்று கண்ட இடத்தில் வெட்டுவான். தொழில்காரன் அப்படி இல்லை. படத்தில் எங்கே கோடு போட்டானோ அங்கேதான் வெட்டுவான். படத்தை நான் பார்த்துச் சரி செய்துவிட்டால் முருங்கை இருக்கிற மூலை அதில் வராது. ஆக, வேண்டும் என்று அவள் சொன்னதுதான் எனக்கும் நல்லது. இப்போதும் சொல்கிறேன், அந்த முடிவில் தப்பில்லை.

அம்மாவாசை என்று ஒரு பெரியவர். முப்பது வருஷம் பிரெஞ்சு அதிகாரிகளின் பங்களாக்களில் தோட்டம் போட்டவர். அவர்கள் கப்பலேறிய பிறகும் ஊர் அவரை 'ழர்தினியே' என்றே கூப்பிட்டது. தோட்டக்காரருக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அந்த இடம் முழுக்க நடந்தார். முருங்கை மூலையில் நின்று ஒரு பிடி மண் எடுத்து விரலில் தேய்த்தார்.

"இந்த மூலையில புல்லுகூட மொளைக்கலியே. சுண்ணாம்பு மண்ணு. செடி வெச்சா சாவும். தொட்டிக்கு இதுதான் எடம், முதலாளி. நாலடி தோண்டிக் கட்டிட்டா அல்லி நிக்கும்."

"தொட்டி நடுவுல இருக்கட்டும்," என்றேன். "அங்க ஒரு மேடை போடுங்க."

"மேடைக்கும் கடக்கால் தோண்டணுமே."

"அப்போ மேடையும் வேணாம். அந்த மூலையை அப்படியே வுட்டுடுங்க."

பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "படம் போட, செடி கொண்டாந்து வெக்க, தொட்டி கட்ட, எல்லாம் சேர்த்து எண்பது ரூவா," என்றார். கேட்பது எண்பது, முடிப்பது நாற்பத்தைந்து என்று மனதில் வைத்துச் சொன்ன விலை. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

"சரி," என்றேன்.

கிணற்றடியில் வாளி கயிறோடு பாதியில் நின்றது. தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவள் தையல்நாயகி.

அம்மாவாசைக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்ற கலவரம்தான் வந்தது. "மூலையை வுட்டுட்டா வேல கொறையுது முதலாளி. பத்து ரூவா கொறைச்சுக்கறேன்," என்றார். அவராகவே இறங்கி வருகிறார். நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. தானாக இறங்கிய விலையை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடாமல் ஒருநாளும் விட்டதில்லை.

"வேணாம். எண்பதே வெச்சுக்குங்க," என்று சொல்லி முழுப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவர் சீக்கிரம் அந்த மூலையைவிட்டு நகர்வது, அவ்வளவுதான். செய்தது என்ன என்பது பணம் கைமாறிய பிறகுதான் உறைத்தது.

அன்று மத்தியானம் சோறு போடும்போது தையல்நாயகி கேட்டாள். "வெல கொறைச்சுக் கேக்கலியே மாமா?"

"பெரியவரு. பாவம்."

அவள் குழம்பை ஊற்றினாள். "தவளக்குப்பம் சந்தையில எங்க அம்மா கத்திரிக்கா விக்கும். ஒண்ணு சொல்லும். கேட்ட வெலய அப்படியே குடுக்கறவனுக்குப் பொருளக் குடுக்காத, அவன் வேற எதையோ வாங்கறான்னு."

நான் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் கடையில் இருந்தேன், பொங்கல் கழிந்தும் கல்யாண வியாபாரம் இருந்தது, ஆள் நிறைய. பதினோரு மணி இருக்கும். கடைப் பக்கம் தலைகாட்டாத தையல்நாயகி, தெருவழியாகச் சுற்றிக்கொண்டு முன்வாசலில் வந்தாள். கையில் மண். துணி அளக்கிற மேசைமேல் ஒரு வெள்ளிக் கொடியை வைத்தாள். அரையில் கட்டுகிற கொடி, கறுத்துப் போயிருந்தது, ஓரங்களில் சுண்ணாம்பு.

"இதுக்கு என்னா வெல மாமா?"

கை தானாகப் போய் எடுத்தது, ஐயா. எடை பார்த்தது. "அஞ்சு தோலா இருக்கும். பழசு. சேதாரம் போக ஒம்பது ரூவா," என்றேன். வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் அது யார் அரையில் இருந்தது என்று பார்த்தேன். அவள் கல்யாணத்தில் அவள் அப்பா என் தம்பிக்குப் போட்டது.

அவள் கத்தவில்லை. முந்தானையை எடுத்து, அத்தனை வாடிக்கைக்காரர் முன்னால், நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பெரியவருக்குத் தன் டின்னிலிருந்து ஐந்து ரூபாய் கொடுத்து, காலையிலேயே அந்த மூலையை வெட்டச் சொல்லியிருக்கிறாள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அந்த நாளைக் கேட்டீர்கள். ஐம்பத்துநாலு நவம்பர் முதல் தேதி. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் தம்பி, கடையில் தன் பாதிப் பங்கை விற்றுவிட்டுச் சைகோன் போகிறேன் என்றான். நாலாயிரம் கேட்டான். ஆயிரத்தைந்நூறு என்றேன். இதைச் சண்டை என்று எழுதாதீர்கள்; எங்கள் வீட்டில் பேச்சே அப்படித்தான். மூன்று நாள் பேசினோம். நான் ஒரு காசு ஏறவில்லை, அவன் ஒரு காசு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில், பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி இந்தியக் கொடி ஏற்றுவதைப் பார்க்க ஊரே கடற்கரைப் பக்கம் போயிருந்தது. செல்வாம்பாளும் போயிருந்தாள். தையல்நாயகி தவளக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தேங்காய்த்திட்டுல ஒருத்தரு நாலாயிரம் தர்றேன்றாரு. நான் போறேன் அண்ணே," என்று எழுந்தான்.

எழுந்து போகிறவன் வாசல்வரைதான் போவான், திரும்பிப் பார்ப்பான்; இது வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த நடை. ராஜாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் விலை ஏறிவிடும். கூப்பிடாவிட்டால் வாசலைத் தாண்டிவிடுவான், கடை பாதியாகிவிடும். துணி அளக்கிற இரும்புக் கோல் மேசைமேல் இருந்தது, முழு மீட்டர், பிரெஞ்சுக்காரன் முத்திரை போட்டது. கூப்பிடாமல் அவனை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு தடவைதான். வாசலை அவன் தாண்டவில்லை.

தீபாவளிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறவைத்த குழி, முருங்கை மூலையில் மூடாமல் கிடந்தது. மீதிச் சுண்ணாம்பும் உள்ளேயே இருந்தது. கப்பல் முந்திப் புறப்பட்டுவிட்டது, உன் முகத்தைப் பார்த்தால் கால் வராது என்று சொல்லாமல் வந்துவிட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அந்த நாட்களில் யார் கப்பலேறினார்கள், யார் ஏறவில்லை என்று யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்?

கொன்றதை ஒப்புக்கொள்கிறேன். அதில் பேரம் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பங்கை ஏமாற்றினேன் என்று எழுத வேண்டாம், அது என் குடும்பப் பெயருக்கு இழுக்கு. தம்பியின் பங்குக்கு நான் சொன்ன விலை ஆயிரத்தைந்நூறு. அவன் வாங்க இல்லை என்பதால் அவன் மனைவிக்குத் தவணையில் கொடுத்துவந்தேன். ரூபாய் இருபது அவளுக்கு, இரண்டு உறைக்கு. மாதம் இருபத்திரண்டு, அறுபத்திரண்டு மாதம், ஆயிரத்து முந்நூற்று அறுபத்துநாலு. அவள் ஆசைப்பட்ட தோட்டத்துக்கு எண்பது. ஐந்து வருஷமும் இரண்டு மாதமும் அவளைச் சுமங்கலியாக வைத்திருந்ததற்கு நான் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

மீதி ஐம்பத்தாறு ரூபாய். கல்லாப் பெட்டியில் இடதுபக்க அறையில் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். அவள் நாலாயிரம் கேட்டால் நீங்கள் பேச வேண்டாம், என்னிடம் அனுப்பிவையுங்கள்.