முந்நூற்றுப் பன்னிரண்டாவது சான்றிதழ்

சுழல் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள் சார், கொஞ்சம் சுற்றிச் சுற்றித்தான் பேசுவேன். சந்தோஷம் வந்தால் எனக்குக் கால் சும்மா இருக்காது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவும் நாற்பத்தாறு வயதுக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்த அறை கிடைத்த அன்று அப்படித்தான் ஏறினேன். அதுவரை எங்கள் ஆஸ்பத்திரியில் யார் இறந்தாலும், வைத்தியம் பார்த்த டாக்டரே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கதை முடிந்தது. இனி வைத்தியத்தில் சம்பந்தப்படாத ஒரு டாக்டர் ஒவ்வொரு சான்றிதழையும் சரிபார்க்க வேண்டும், வீட்டாரையும் விசாரிக்க வேண்டும் என்று ஒரு வருடச் சோதனைத் திட்டம் வந்தது. அதற்காகக் கூட்டம் கூட்டமாகப் போய்த் தொண்டை கட்டப் பேசியவள் நான். பதினோரு வருடம் வார்டு நர்ஸ், நம்பினார்கள். சரிபார்க்க வந்த பெரிய டாக்டருக்கு ஒரு மேஜை, எனக்கு ஒரு மேஜை, நடுவில் ஒரு போன்.

வீட்டாரைக் கூப்பிடுவது என் வேலை. "உங்களுக்கு மனசுல ஏதாவது உறுத்துதாம்மா?" என்று கேட்பேன். முதலில் அழுவார்கள். பிறகு, "எங்க மாமா கடைசி நாள்கூட டாக்டர் மாதிரியே பேசிக் காட்டுனாரு" என்பார்கள். இருவருமாக விழுந்து விழுந்து சிரிப்போம். பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இது சாவு விசாரிக்கிற எடமா, கல்யாண வீடா?" என்பார். அவருக்கும் உதடு துடிக்கும்.

ஒரே குறை, தப்பு எதுவும் சிக்கவில்லை. பத்து மாதத்தில் முந்நூற்றுப் பதினோரு சான்றிதழ்கள். எழுத்துப்பிழைகள், இடது கால் வலது காலாக மாறியது ஒன்று. பலன் தெரியாததால் அறையை மூடலாம் என்று மேலிடத்துக் கடிதம் வந்தது.

"விடும்மா, தப்பே நடக்கலைன்னா நல்லதுதானே" என்றார் பெரிய டாக்டர். தங்கமான மனிதர், விவரம்தான் போதாது. ஒரு தப்பு பிடிபட்டால் போதும், எத்தனை பேர் பிழைப்பார்கள்.

என் பழைய வார்டில் ஒரு டிராயிங் மாஸ்டர் படுத்திருந்தார், உடம்பு தேறி மறுநாள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. மத்தியானம் அங்கே போனேன். பழைய சிநேகிதிகள் "வாடி" என்று இழுத்து உட்கார வைத்தார்கள். மாஸ்டர் என்னை நோட்டில் வரைந்து கொடுத்தார். மூக்கு மட்டும் பெரிது. அவருக்கு ஏறிக்கொண்டிருந்த டிரிப்பில் நான் சேர்த்தது என்ன என்று உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. திரும்பும்போது லிஃப்டில் பாடினேன்.

அன்றே மாஸ்டர் போய்ச் சேர்ந்தார், அவருக்கு வைத்தியம் பார்த்த சின்ன டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது முந்நூற்றுப் பன்னிரண்டு. மாஸ்டரின் மகளைக் கூப்பிட்டேன்.

"அப்பா காலையிலகூட நல்லாத்தான் பேசுனாரு மேடம். எங்களை யாருமே கேக்கல. நீங்க ஒருத்தர்தான் கேக்குறீங்க" என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. பிரேதப் பரிசோதனை வரை நானே ஓடி ஓடி ஏற்பாடு செய்தேன். மருந்தின் அளவு தப்பிய பழி சின்ன டாக்டர் தலையில் விழுந்து, அவருக்கு வேலை போயிற்று. பாவம்தான். ஆனாலும் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடலாமா? அறை நிரந்தரமாயிற்று. எல்லா ஆஸ்பத்திரிக்கும் விரிவுபடுத்தலாமா என்று மேலே தயங்கியபோது இன்னொன்று தேவைப்பட்டது. அது அதே வார்டில் படுத்திருந்த தையற்காரம்மா.

பெரிய டாக்டர் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு நாளும் வார்டு பதிவேட்டுல உன் கையெழுத்து இருக்கேம்மா" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எவ்வளவு அழகாகச் சரிபார்த்திருந்தார்.

நீங்கள் இரண்டு கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள் சார். அறை வந்த பிறகுதான் இரண்டு. வார்டில் இருந்த பதினோரு வருடத்து எண்ணிக்கை என்னிடமே இல்லை. அப்போதெல்லாம் ஏன் செத்தார் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது. அந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாமல்தானே இத்தனை பாடுபட்டேன்.